ஊசி போன இடம்

பெரியமேட்டிலிருந்து சுருட்டி எடுத்துவந்த ஐந்து சைடுகளில் முதலாவதைக் கூடத்தில் விரித்தபோது, சோபாவையும் சாப்பாட்டு மேசையையும் சுவரோரம் தள்ள வேண்டியிருந்தது. முதுகுத்தண்டுக் கோட்டில் இரண்டாகப் பிளந்த பாதித் தோலைத்தான் வியாபாரத்தில் ‘சைடு’ என்கிறார்கள். எருமைத் தோல், அடர்பழுப்புச் சாயம், 1.2 மில்லிமீட்டர் கனம். பின்புறத்தில் அளவு மெஷின் பதித்த எண் இருந்தது: 22¼. இருபத்திரண்டே கால் சதுர அடி. துணிக்கு நான்கு மூலை உண்டு. இதற்குக் கழுத்து உண்டு, வயிறு உண்டு, கால் உண்டு. விரித்த மாத்திரத்தில் கூடத்தில் ஒரு மிருகம் படுத்திருப்பது போலத்தான் தெரிந்தது.

மண்டியிட்டுப் பார்த்தேன். விலாப் பக்கம் முள் கிழித்து ஆறிய கோடுகள். தொடையில் உண்ணி கடித்த பொட்டுகள். பின்பக்கம் யாரோ எதற்கோ சூடு போட்ட வடு. கழுத்தில் ஒன்றரைச் சாண் நீளத்துக்குத் தோல் தடித்து, வழவழப்பும் சொரசொரப்பும் கலந்து, நிறம் கொஞ்சம் இருண்டு கிடந்தது. அது என்னவென்று அன்று எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார். ‘இந்த இடத்தை விட்டு வெட்டுங்க’ என்பது அதன் பொருள்.

கத்தியை எடுக்க எனக்கு நான்கு நாள் ஆனது.

இந்தத் தோல் போகவிருந்த வண்டி 1986 மாடல் அம்பாசடர், மார்க் 4. அப்பா அதை 1994-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வார்ப்பில் பிறந்து, வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை உருவான அந்தக் குடும்பத்தில் இது நடுப் பிள்ளை. ஸ்டீயரிங்குக்குக் கீழே கை கியர், முன்னால் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே பெஞ்சு சீட். எஞ்சின் இன்னும் முதல் திருகலிலேயே உயிர் பெறுகிறது. சீட்தான் செத்துவிட்டது. ஓட்டுகிறவர் பக்கம் ஒரு குழி. உட்கார்ந்தால் ஸ்பிரிங் தொடையைத் தேடி வந்து குத்தும்.

புதுப்பேட்டையில் குஷன் வேலை செய்யும் பாய் ஒருவர் வண்டியைப் பார்த்துவிட்டு, “ரெக்ஸின்னா மூணு நாள்ல குடுத்துடுறேன் தம்பி” என்றார். நான் தோல் போட வேண்டும் என்றேன். அதையும் நானே போட வேண்டும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். “துணின்னா தையலப் பிரிச்சிட்டு மறுபடி தைக்கலாம். தோல்ல ஊசி போன எடம் போனதுதான். ஓட்டை மூடாது. அத மட்டும் மனசுல வெச்சிக்க.”

ஒரு காரின் உள்பக்கத்தைச் சொந்தக் கையால் தோலுக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பணம் மிச்சமாகும் என்று இதில் இறங்க வேண்டாம். வீணாகும் தோலையும் வாங்க வேண்டிய கருவிகளையும் சேர்த்தால் முதல் வண்டிக்கு மிச்சம் எதுவும் நிற்காது. எனக்குப் பதினோரு வார இறுதிகள் போயின. ஆனால், பிள்ளை வயதிலிருந்து உட்கார்ந்த ஒரு சீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி இல்லை.

பழைய உறைதான் வரைபடம்

பின்சீட்டின் அடிப்பகுதி தூக்கினாலே வந்துவிட்டது. முன் பெஞ்சைத் தாங்கும் தண்டவாளத்தின் போல்ட்டுகள் துருப்பிடித்து உறைந்திருந்தன. துரு இளக்கும் எண்ணெயை இரவே அடித்துவிட்டு, காலையில் நீளப் பிடி போட்ட ஸ்பேனரால் திருகினேன். அவசரப்பட்டால் போல்ட்டின் தலை முறியும். பிறகு டிரில் மெஷினும் வெல்டிங் கடையும்தான் கதி.

மேலே டர்க்கி டவல் உறை. அதற்கடியில் சந்தன நிற ரெக்ஸின். அதற்கும் அடியில் கறுப்பு ரெக்ஸின். எல்லாவற்றுக்கும் கீழே, கம்பெனியில் போட்ட உறை, பல இடங்களில் பிய்ந்து, ஆனால் தையல் கோடுகள் கலையாமல். மடிப்புக்குள் பல்லவன் பஸ் டிக்கெட் ஒன்று மக்காமல் இருந்தது. ஒவ்வொரு முறையும் குஷன் கடைக்காரர்கள் பழையதைக் கழற்றாமல் மேலேயே புதியதைப் போர்த்தியிருக்கிறார்கள். அன்றைக்குச் சோம்பலாகத் தெரிந்த அந்தப் பழக்கம் எனக்குப் பெரிய உதவி. அடியில் இருந்த உறைதான் சீட்டின் அசல் வரைபடம்.

உறையைக் கிழிக்கக் கூடாது. தையலை ஒவ்வொன்றாகப் பிளேடால் அறுக்க வேண்டும். அறுப்பதற்கு முன்னால், ஒட்டியிருக்கும் இரு துண்டுகளின் குறுக்கே நாலு விரலுக்கு ஒரு கோடு போட்டுவிட வேண்டும். பிறகு புதுத் தோலில் அந்தக் கோடுகள் ஒன்றையொன்று சந்தித்தால் தையல் சரி; சந்திக்கவில்லை என்றால் எங்கோ இழுத்திருக்கிறோம். ஒவ்வொரு துண்டிலும் எண், எது முன்பக்கம் என்று ஓர் அம்பு, இடமா வலமா. பிரித்து முடித்தபோது என்னிடம் முப்பத்தெட்டுத் துண்டுகள் இருந்தன. எழுதி வைக்காதவருக்கு அவை முப்பத்தெட்டுக் கந்தல்கள்தான்.

அந்தத் துண்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நகலெடுத்துவிடவும் முடியாது. அவற்றின் மேல் பல வருடம் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓட்டுநர் பக்கத் துண்டு, அதன் ஜோடியைவிட ஒரு சென்டிமீட்டர் நீண்டிருந்தது. இரண்டையும் நடுக்கோட்டில் மடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உட்காராத பக்கத்தின் அளவையே நம்பி, கெட்டி அட்டையில் வரைந்தேன். தையல் கோட்டுக்கு வெளியே 12 மில்லிமீட்டர் விட்டு வெட்டினேன். ஒரு வார இறுதி முழுக்க இதற்கே போனது. மொத்த வேலையில் மிக நன்றாகச் செலவழித்த இரண்டு நாள் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

உறைக்குள் ஸ்பிரிங் கூடு. அதன்மேல் சாக்குத் துணி. அதன்மேல் தேங்காய் நார் மெத்தை. சாக்கு இற்று, நார் தூளாகி, ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருந்தன. தோல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், கீழே இருப்பது சரியில்லாவிட்டால் ஆறு மாதத்தில் தொய்ந்துவிடும். துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, ஸ்பிரிங்குகளைச் சணல் கயிற்றால் நெடுக்கும் குறுக்குமாகக் கட்டி, புதுச் சாக்கு, ரப்பர் பால் ஊட்டிய நார் அட்டை, அதற்கு மேல் 40 டென்சிட்டி ஃபோம். ஃபோமை ஒட்ட ரப்பர் பசை. அதன் நெடி தலையைச் சுற்ற வைக்கும். திறந்த மொட்டைமாடியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் வைத்துத்தான் ஒட்ட வேண்டும்.

கதவுகளில் ஒரு பாடம் காத்திருந்தது. டோர் பேடின் ஹார்ட்போர்டு அடிப்பக்கம் பிஸ்கட் போல ஊறி உதிர்ந்தது. மழைநீர் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் போவது கோளாறு அல்ல. எல்லாக் கார்களிலும் அது அப்படித்தான் இறங்கி, கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியே வெளியேறும். எங்கள் வண்டியில் அந்த ஓட்டைகளைச் சேறு அடைத்திருந்தது. போர்டுக்கும் தகரத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய பாலிதீன் தாளை யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். இதைச் சரிசெய்யாமல் கதவுக்குத் தோல் போடுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே புதுப் பாய் விரிப்பது.

ரெக்ஸின் ஊரும் பாலாற்று ஊரும்

‘ரெக்ஸின்’ என்பது நமக்கு ஒரு பொருளின் பெயர். உண்மையில் அது ஒரு கம்பெனியின் பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில், பருத்தித் துணியின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசித் தோல் மாதிரி அச்சிட்டு விற்றவர்கள் வைத்த பெயர். பிறகு பி.வி.சி. வந்து பூச்சு மாறியது. பெயர் மட்டும் நம் நாக்கில் தங்கிவிட்டது.

தோலின் கதை இன்னும் விசித்திரமானது. மோட்டார் வண்டியின் ஆரம்ப காலத்துப் பெரிய லிமோசின்களில் தோல் சீட் ஓட்டுநருக்குத்தான். அவர் இடம் திறந்த வெளி. மழையும் புழுதியும் வெயிலும் தாங்க வேண்டும். குதிரை வண்டிக்காரன் இருக்கை போலவே அதற்கும் தோல் போட்டார்கள். பின்னால் மூடிய அறையில் முதலாளி நல்ல கம்பளித் துணி மெத்தையில் உட்கார்ந்தார். தோல் என்றால் ஆடம்பரம் என்ற எண்ணம் பிறகு வந்தது. லண்டனில் 1878-ல் தொடங்கிய கானலி நிறுவனத்தின் தோல் ரோல்ஸ்-ராய்ஸ் கார்களுக்குப் போன காலத்தில்தான் அது நிலைபெற்றது. உழைப்பவன் உட்கார்வதற்காகத் தேர்ந்தெடுத்த பொருள் இது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒருவருக்கு நல்ல தோல் வேண்டுமென்றால் கடல் தாண்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு என்று ஊர் ஊராகத் தோல் பதனிட்டவர்கள் நாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் வெள்ளைக்காரன் காலத்திலேயே கப்பலேறியது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. 1948-ல் அடையாறில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உலகமறிந்தது.

அந்தப் பட்டைத் தோலைத்தான் முதலில் கேட்டேன். தேன் நிறத்தில், மண் வாசத்தோடு அதைக் காட்டிய பெரியமேட்டுக் கடைக்காரரே வேண்டாம் என்று தடுத்தார். அவர் சொன்ன காரணம் சரியானது. பூச்சில்லாத பட்டைத் தோல் வெயில் பட்டால் கறுக்கும். வியர்வைக் கறையை வாங்கிக்கொள்ளும். ஈரத்தோடு சூடு சேர்ந்தால் 80 டிகிரியை ஒட்டியே சுருங்கிவிடும். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-ல் காப்புரிமை வாங்கிய குரோம் முறையில் பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்கும். சீட்டுக்கு வேண்டியது குரோமில் பதனிட்டு, மேலே மெல்லிய நிறப்பூச்சு கொடுத்த தோல். சித்திரை வெயிலில் கண்ணாடியை மூடி நிறுத்திய காருக்குள் இருக்கும் சூட்டை நினைத்தால் அவர் பேச்சை மீற முடியவில்லை. டேஷ்போர்டுக்கும் அதையே போடலாமா என்றேன். கூடாது என்றார். ஈரமில்லாத காய்ந்த சூட்டில் வருடக்கணக்கில் கிடந்தால் குரோம் தோலும் சுருங்கி ஓரம் விட்டு எழும்பும். கார் கம்பெனிகள் அந்த இடத்துக்குக் குரோம் சேராத வேறு பதனில் செய்த தோலைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாங்கும்போது நான் கற்றது: கையால் மடக்கி, மடிப்பின் மேல் பார்க்க வேண்டும். பூச்சு வெடித்தால் வேண்டாம். நனைத்த வெள்ளைத் துணியால் இருபது முப்பது முறை தேய்க்க வேண்டும். நிறம் ஏறினால் நாளை வேட்டியிலும் ஏறும். வெட்டிய ஓரத்தைப் பார்க்க வேண்டும். நார்கள் ஒன்றோடொன்று பின்னியிருந்தால் அது தோல், கீழே துணி வலை தெரிந்தால் அது வேறு சரக்கு. என் துண்டுகளின் கூட்டு அளவு கதவுகளோடு சேர்த்து 78 சதுர அடி. வாங்கியது 109. மிச்சம் கழிவுக்கு. தோலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கழிவு போகும் என்று எண்ணித்தான் வாங்க வேண்டும்.

அந்தக் கழிவு என்னை உறுத்தியது. காரணம், பாலாறு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் நீர் அந்த ஆற்றையும் சுற்றுப்புறக் கிணறுகளையும் என்ன செய்தது என்பது 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பாக எழுதப்பட்ட விஷயம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாகப் பதிவு செய்யப்பட்டது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. அதற்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, முறைகள் மாறின. ஆனால் மண்ணில் இறங்கிய உப்பு ஒரு தீர்ப்பால் மேலேறி வந்துவிடாது. பதனிடும் தொட்டிகளுக்குள் இறங்கி நின்றவர்கள் யார், அவர்களை ஊர் எங்கே வைத்திருந்தது என்பதும் இதே கணக்கில் சேர வேண்டியது. டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் திண்டுக்கல் தொழிலாளர்களைப் பற்றியது. 2012-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. காரில் தோல் போட நினைக்கும் ஒருவர் அதைப் படித்துவிட்டுப் போடலாம். நான் படித்துவிட்டுத்தான் போட்டேன். ஒரு சாண் தோலையும் அலட்சியமாக வீசக் கூடாது என்று முடிவெடுத்தது அதனால்தான்.

கத்தி வைக்கும் முன்

இந்த வேலையின் மூளை தையலில் இல்லை, வெட்டுவதில் இருக்கிறது. முப்பத்தெட்டு அட்டைகளையும் தோலின் மேல் பரப்பி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதுகுத்தண்டை ஒட்டிய பகுதி உறுதியானது, நார் நெருக்கமானது. உட்காரும் இடமும் முதுகு சாயும் இடமும் அங்கிருந்துதான் வர வேண்டும். வயிற்றுப் பக்கம் ரப்பர் போல இழுபடும். அதை உட்காரும் இடத்தில் வைத்தால் ஒரு கோடையில் பள்ளமாகிவிடும். சீட்டின் அடியில் மடங்கி மறையும் பட்டைகளுக்கு அது போதும். தோல் தலைவால் திசையில் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் இழுபடும் என்பதால், ஜோடித் துண்டுகள் இரண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெஞ்சின் இடது பாதி ஒரு விதமாகவும் வலது பாதி வேறு விதமாகவும் தளரும்.

வடுக்களை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. நம் ஊர் மாடுகளும் எருமைகளும் பால் கறக்கவும் பாரம் இழுக்கவும் வளர்ந்தவை. வேலிகளில் உரசி, குளங்களில் புரண்டு, வருடக்கணக்கில் வாழ்ந்தவை. அவற்றின் தோலில் வாழ்க்கை தெரியும். கார் கம்பெனிகள் அந்த மேற்பரப்பை இழைத்து, கெட்டியாகப் பூச்சடித்து, செயற்கையான மயிர்க்கால் அச்சைப் பதித்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குவார்கள். நான் வாங்கியது லேசாக இழைத்த தோல். ஆறிய கீறல்கள் பலமுள்ளவை. அவற்றை அழகுக் குறையாக மட்டுமே எண்ணி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறாத புண்ணும் ஓட்டையும்தான் உண்மையான குறை. அவை நாளை கிழியும். முள் கீறல்களைப் பின்சீட்டின் ஓரங்களுக்கு விட்டேன். சூட்டு வடு கதவுக்குப் போனது. சாக்பீஸ் வட்டத்துக்குள் இருந்த கழுத்துத் துண்டுக்கு ஓர் இடம் மிச்சமிருந்தது: முன் பெஞ்சின் முதுகுப்புறம். யாரும் உட்காராத, எதுவும் உரசாத, ஆனால் பின்சீட்டில் இருப்பவரின் கண்ணுக்கு நேரே இருக்கிற இடம்.

எவ்வளவு யோசித்தும் ஒரு தவறு நடந்தது. சாயம் பட்ட முன்பக்கத்தில் பேனாக் கோடு படக் கூடாது என்று, தோலைக் குப்புறப் போட்டுப் பின்பக்கத்தில் வரைந்தேன். பின்பக்கத்தில் வரையும்போது அட்டையையும் குப்புறத் திருப்ப வேண்டும். பத்துத் துண்டுகளுக்குத் திருப்பினேன். பதினோராவதில் மறந்தேன். விளைவு, முன் பெஞ்சின் வலப்பக்கக் கன்னம் இரண்டு, இடப்பக்கக் கன்னம் ஒன்றுகூட இல்லை. முதுகுப் பகுதியில் ஒன்றரைச் சதுர அடி போய்விட்டது. அந்த மாலை வேறு எதையும் வெட்டவில்லை. அட்டைகள் எல்லாவற்றின் ஒரு முகத்திலும் ‘மேல்’ என்று சிவப்பில் எழுதி, மறுமுகத்தில் ‘வெட்டும்போது இந்தப் பக்கம் தெரிய வேண்டும்’ என்று எழுதினேன். இரண்டாம் வலக்கன்னம் பிறகு கதவுகளின் கைதாங்கிகளைச் சுற்றிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மிஷின்

அம்மாவின் வீட்டுத் தையல் மிஷின் மூன்று மடிப்புத் தோலில் இரண்டு அங்குலம் ஓடி நின்றுவிட்டது. அது பலவீனமல்ல, அமைப்பு. சாதா மிஷினில் கீழே உள்ள பற்கள் மட்டும்தான் துணியை நகர்த்தும். தோலில் அடித்துண்டு நகரும், மேல்துண்டு மிஷினின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். ஒரு முழத் தையல் முடியும்போது இரண்டுக்கும் ஒரு விரல் வித்தியாசம் வந்துவிடும். குஷன் கடை மிஷினில் பாதமும் நடக்கும், ஊசியும் கூடவே நடக்கும். புதுப்பேட்டை பாய், கடை மூடியிருக்கும் ஞாயிறுகளில் வந்து தைத்துக்கொள்ளச் சொன்னார். வாடகை பேசியபோது மின்சாரச் செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

முதல் ஞாயிறு அவர் என்னைச் சீட்டைத் தொடவே விடவில்லை. கழிவுத் துண்டுகளில் நேர்கோடு, வளைவு, மூலை, பைப்பிங். நூல் பாலியெஸ்டர், வெயிலை நைலானைவிட நன்றாகத் தாங்கும். ஊசியின் முனை தோலுக்கென்றே தீட்டிய கத்தி முனை. தையல் அங்குலத்துக்கு ஐந்து, மிஞ்சினால் ஆறு. சட்டைக்குப் போடுவது போல நெருக்கிப் போட்டால், அஞ்சல் தலைத் தாள் கிழிவது போல அந்தக் கோட்டோடு கிழிந்துவிடும். முடிவில் முன்னும் பின்னும் ஓட்டிப் பூட்டக் கூடாது. நூலைப் பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். குண்டூசி குத்தவே கூடாது. துணி காயப்போடும் கிளிப்புகள் இரண்டு டஜன் வாங்கி வரச் சொன்னார். தையல் சந்திக்கும் மூலைகளில் கனம் கூடும் என்பதால் ஓரங்களைக் கத்தியால் சீவி மெலிதாக்கச் சொன்னார். ஆம்பூர் செருப்புக் கம்பெனிகளில் ‘ஸ்கைவிங்’ என்று தனி வேலையாகவே இதைச் செய்கிறார்கள். தைத்த பிறகு மடிப்பை விரித்து, சுத்தியலால் மெல்லத் தட்டிப் படிய வைக்க வேண்டும்.

பைப்பிங்தான் என்னை அழ வைத்தது. உள்ளே கயிறு, மேலே சீவிய தோல், இரண்டு பக்கமும் துண்டுகள். நான்கு அடுக்கையும் ஒரே கோட்டில் பிடித்துக்கொண்டு மூலையைத் திருப்ப வேண்டும். “மூலைக்கு முன்னாடியே பைப்பிங்க விரலுக்கு விரல் வெட்டி விடு தம்பி. அது தானா திரும்பும். நீ திருப்பாத” என்றார். மூன்றாம் ஞாயிறு அது தானாகத் திரும்பியது. நாற்பது வருடமாக அவர் கையில் இருக்கும் ஒன்றின் ஓரம் என் கைக்கு வந்த நேரம் அது. இப்படிப்பட்ட கையை நாம் ‘லேபர்’ என்று ஒரு சொல்லில் பில்லில் எழுதிக் கடந்துவிடுகிறோம். அந்த வரியில் இனி என்னால் பேரம் பேச முடியாது.

உறையை மாட்டுவது இரண்டு பேர் வேலை. உறை ஃபோமைவிடச் சற்றுச் சின்னதாக இருக்க வேண்டும், அப்போதுதான் இறுகும். மாட்டும் முன் மொட்டைமாடி வெயிலில் அரை மணி போட்டால் தோல் இளகும். ஃபோமின் மேல் மெல்லிய பாலிதீன் தாள் விரித்தால் தோல் வழுக்கிக்கொண்டு இறங்கும். நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் மாற்றி மாற்றி இழுத்து, வளையக் கிளிப்புகளால் ஸ்பிரிங் கூட்டோடு பூட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கோடுகள் கோணும். சின்னச் சுருக்கங்களைப் பார்த்துப் பதற வேண்டாம். உட்கார உட்கார, வெயில் பட பட, பாதி தானே போய்விடும்.

என் வண்டியில் ஏர்பேக் இல்லை. அதனால்தான் இவ்வளவு தைரியமாகக் கை வைத்தேன். இன்றைய கார்களில் பலவற்றின் முன் சீட்டுக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது. விபத்து நேர்ந்த கணத்தில் அது வெடித்து வெளிவர, சீட் உறையின் ஒரு தையல் மட்டும் கிழிந்து வழிவிடும்படி, அதற்கென்றே கணக்கிட்ட நூலால் தைத்திருப்பார்கள். அந்த இடத்தை நாம் கெட்டி நூலால் அழகாகத் தைத்தால், உயிர் காக்க வேண்டியது உள்ளேயே அடைபடும். பயணி சீட்டின் உள்ளே, ஆள் இருக்கிறாரா என்று அறியும் உணர்விப் பாயும் இருக்கலாம். சீட்டில் ஏர்பேக் என்ற எழுத்தோ அடியில் மஞ்சள் நிற மின்இணைப்போ தெரிந்தால், அந்தச் சீட்டை வீட்டில் பிரிக்காதீர்கள். மேலே போர்த்தும் சாதா உறைகூட அதற்கு ஆபத்து. தோல் வேலை கற்க ஆசை இருந்தால் கதவின் கைதாங்கியிலோ பழைய வண்டியிலோ கற்றுக்கொள்ளலாம்.

பராமரிப்புக்கு ஒரு வரி: தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். பூச்சுக் கொடுத்த தோல் அதைக் குடிக்காது. எண்ணெய் மேலேயே நின்று புழுதியைப் பிடிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சையை அழைக்கும். பிழிந்த துணி, கொஞ்சம் மிதமான சோப்பு நீர், நிழலில் நிறுத்துவது. அவ்வளவுதான்.

தை மாதம் ஒரு ஞாயிறு, அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு மதுராந்தகம் பக்கத்தில் அவர் பிறந்த ஊருக்குக் கிளம்பினேன். பல்லாவரம் தாண்டும்வரை அவர் சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தாம்பரத்தில் சிக்னலுக்கு நின்றபோது என் முதுகுக்குப் பின்னால், பெஞ்சின் தோலை அவர் விரல்கள் தடவும் சத்தம் கேட்டது.

“இது நுகத்தடி தேஞ்ச எடம்டா” என்றார்.

கடைக்காரர் வட்டம் போட்ட துண்டு.

“எங்கப்பா வெச்சிருந்த கடாவுக்கும் இதே எடத்துலதான் காய்ச்சிருக்கும். நெல்லு மூட்டை ஏத்திக்கிட்டு ராவெல்லாம் நடக்கும். காலையில அவுத்து விட்டதும் நான்தான் வேப்பெண்ண தடவுவேன். ஆடாம நிக்கும்.”

சிக்னல் விழுந்தது. கை கியரை மேலே தள்ளி வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது அவர் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும், செங்கல்பட்டு தாண்டும்வரை, அந்த இடத்திலேயே இருந்தது.